பேசி முடித்த இடம்

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் உன் குரல் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. நீ சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். குரோய்டனில் இருக்கும் தர்ஷினியை உனக்குப் பேசி முடித்துச் சில மாதங்களாகின்றன. நீயே போய்ப் பார்த்து, அவளோடு தனியாகக் கதைத்து, பிறகு வெளியே கூட்டிக்கொண்டும் போய், பிடித்திருக்கிறது என்று உன் வாயால் சொன்ன பிறகுதான் அப்பா அவளுடைய தகப்பனிடம் வாக்குக் கொடுத்தார். இப்போது நீ வேலை செய்யும் வங்கி உன்னை நியூயோர்க்குக்கு அனுப்புகிறது. தனியாகப் போகத்தான் உனக்கு விருப்பம், ஆகவே கல்யாணம் வேண்டாம். இதை நீ அவர்களிடம் சொல்லப் போவதில்லை. நான் தொலைபேசி எடுத்து, அவர்கள் மனம் நோகாதபடி பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். இவ்வளவும்தானே?

பிறகு நீ இன்னொன்றும் சொன்னாய். "ஏன் அம்மா பெரிசாக்கிறியள்? சும்மா கதைச்சு வைச்சதுதானே. கையெழுத்து ஒண்டும் வைக்கேல்லையே." நீ அதைச் சொல்லும்போது நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன் தெரியுமா? படிக்கட்டுக்குக் கீழே, தொலைபேசி இருக்கிற அந்த ஒடுங்கிய இடத்தில். இதே வார்த்தையை முன்பு ஒருவர் உனக்குச் சொன்னபோது நீ நின்ற இடமும் அதுதான். அப்போது நான் சமைத்துக்கொண்டிருந்த கையோடு குசினி வாசலில் நின்று உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்ன மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இப்போது அதை நீ சொல்கிறாய், அதுவும் என்னிடம்.

பன்னிரண்டு வயதுவரை யாழ்ப்பாணத்தில் தமிழில் படித்த பிள்ளை நீ. அம்மாவின் எழுத்து விளங்கவில்லை என்று சாட்டுச் சொல்லாதே. இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம், மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. அப்பாவிடம் மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. அவர் டூட்டிங்கில் பெட்ரோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, கல்யாண மண்டபங்களைப் பற்றி என்னோடு வாதாடிக்கொண்டிருக்கிறார். ஒரு மண்டபத்தில் கார் நிறுத்த இடம் போதாதாம். இன்னொன்றில் ஓமம் வளர்க்க விடமாட்டார்களாம், புகை கிளம்பினால் மணி அடித்து எல்லோரையும் வெளியே துரத்திவிடுமாம். ஐயரைக் கொஞ்சமாக நெய் விடச் சொன்னால் சரிவருமா என்று என்னைக் கேட்கிறார். நானும் ஓம், சரிவரும் என்று சொல்லிக்கொண்டு கறியைக் கிளறுகிறேன். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அவரிடம் நான் இப்படி நடித்தது கிடையாது. அதையும் நீதான் எனக்குப் பழக்கி வைத்திருக்கிறாய்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் உனக்குத் தெரிந்தது உன்னுடைய பக்கம். என்னுடைய பக்கத்தை நீ கேட்டதே இல்லை.

உன் இடக்கையோடு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. சாப்பிடுவதையும் எழுதுவதையும் வலக்கைக்கு மாற்றினேன். யாருக்காவது ஒரு பொருளை இடக்கையால் நீட்டினால் முறைத்துப் பார்த்தே திருத்தினேன். எறிவதை மட்டும் மாற்ற முடியவில்லை. கல்லானாலும் பந்தானாலும் உனக்கு இடக்கைதான். இங்கே லண்டனுக்கு வந்து கோலியர்ஸ் வுட்டில் வீடெடுத்து, நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில், ஆங்கிலம் வாயில் வராமல் யாரோடும் பேசாமல் திரிந்தாய். உன் கையில் கிரிக்கெட் பந்தைக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் அந்தப் பிள்ளைகள் உன்னையும் ஓர் ஆளாக மதித்தார்கள். அதற்கும் ஒரு நாள் முடிவு வந்தது. வேறொரு பள்ளிக்கூடத்தோடு விளையாடும்போது நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, இந்தப் பையன் பந்து வீசவில்லை, முழங்கையை மடக்கி எறிகிறான், அது விதிக்குப் புறம்பு என்று சொல்லிவிட்டார். மறுபடியும் போட்டாய், மறுபடியும் அதையே சொன்னார். அப்பா எல்லைக்கோட்டில் நின்று நடுவரை ஏசினார். தமிழில்தான் ஏசினார், அந்த மட்டில் தப்பித்தோம். அதன் பிறகு உன்னை அணியில் சேர்க்கவில்லை. நீ அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தாய், நான் கதவடியில் சாப்பாட்டை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டு, என் பிள்ளை சாப்பிட்டிருப்பானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் உங்கள் புவியியல் ஆசிரியர் வந்தார். கனடாக்காரர், நல்ல மனிதர். கிரிக்கெட்டில் குற்றம் என்று தள்ளிய அந்த எறிதான் தங்கள் விளையாட்டுக்கு வேண்டும் என்று சொல்லி உன்னைப் பேஸ்பாலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். குரோய்டன் பக்கம் ஒரு பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் அமெரிக்கர்களும் கனடாக்காரர்களும் கூடி விளையாடுவார்கள். எனக்குக் குரோய்டன் என்றால் அந்த உயரமான அரசாங்கக் கட்டடம்தான் ஞாபகம் வரும். விசா விசயமாக விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்று, பெயர் கூப்பிடும்வரை கை கால் ஓடாமல் உட்கார்ந்திருந்த இடம். அதே ஊருக்கு என் பிள்ளையின் விளையாட்டைப் பார்க்கச் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போவேன் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. விளையாட்டு எனக்கு விளங்கவில்லை. நடுவில் ஒரு சின்ன மண்மேட்டில் நீ நிற்பாய், காலைத் தூக்குவாய், எறிவாய். எதிரே தடியோடு நிற்பவன் காற்றை அடித்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போவான். எனக்கு அது போதும். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் நீ வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவாய், நான் பாதி விளங்காமல் சிரித்துக்கொண்டு வருவேன். இந்த நாட்டில் நான் சந்தோசமாக இருந்த காலம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

உனக்குப் பதினேழு வயதான கோடையில் அந்த அமெரிக்கக் கோச் வந்தார். அவருடைய பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை, நானும் எழுதப் போவதில்லை. அங்கே ஒரு கல்லூரியின் பேஸ்பால் அணிக்குப் பொறுப்பானவர். லண்டனில் பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம் நடத்த வந்தவர், உன் எறியைப் பார்த்துவிட்டு முகாம் முடியும்வரை உன்னை விட்டு நகரவில்லை. அமெரிக்காவில் அப்படித்தானாம். பள்ளிக்கூடத்தில் நன்றாக விளையாடும் பிள்ளைகளைக் கல்லூரிக் கோச்மார் தேடிப் பிடித்து, வீட்டுக்கு வந்து, தாய் தகப்பனோடு பேசித் தங்கள் அணிக்கு எடுப்பார்களாம். விளையாடுகிற பிள்ளையின் படிப்பைக் கல்லூரி பார்த்துக்கொள்ளுமாம். இடக்கையால் அப்படி எறிகிறவன் கிடைப்பது அரிதாம். நான் அடித்தும் முறைத்தும் அடக்கிய கைக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. ஆசிரியர் வந்து இதையெல்லாம் விளக்கி, கோச் உங்கள் வீட்டுக்கு வர விரும்புகிறார் என்று சொன்னதும், எத்தனை பேர் வருவார்கள் என்றுதான் அப்பா முதலில் கேட்டார்.

நீ அதற்காக அப்பாவைக் கேலி செய்தாய். ஆனால் யோசித்துப் பார். வீடு தேடி வந்து, பெற்றவர்களோடு உட்கார்ந்து பேசி, பிள்ளையைத் தாருங்கள் என்று கேட்பது. எங்களுக்குத் தெரிந்த வாழ்க்கையில் இது சம்பந்தம் பேசுவது அல்லாமல் வேறு என்ன? நான் முதல் நாளே டூட்டிங்குக்குப் போய்ச் சாமான் வாங்கிவந்து, இடியப்பம் அவித்து, ஆட்டிறைச்சிக் கறியும் உறைப்பில்லாமல் தேங்காய்ப்பாலில் ஒரு சொதியும் வைத்தேன். அப்பா டை கட்டிக்கொண்டார். கோச் முன்னறையில் வந்து உட்கார்ந்ததும் அப்பா விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தாய் தகப்பன் இருக்கிறார்களா, சொந்த ஊர் எது, கூடப்பிறந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார். நீ வெட்கத்தில் நெளிந்தாய். அவரோ குறை நினைக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, பணப்பையைத் திறந்து மகள்மாரின் படத்தையும் காட்டினார். அன்றைக்கு எங்கள் வீட்டில் பெண் நீதான். தலையைக் குனிந்துகொண்டு தேநீர்த் தட்டைக் கொண்டுவந்தாய். கோப்பையை இடக்கையால் நீட்டினாய், நான் முறைத்ததும் கையை மாற்றினாய். அவர் அதைக் கவனித்துவிட்டார். அந்தக் கையைக் கேட்டுத்தானே நான் வந்திருக்கிறேன் என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துவிட்டது. என் பிள்ளையை அவரிடம் விடலாம் என்று தோன்றிவிட்டது.

அவர் எங்களைப் பார்த்து இடியப்பத்தைக் கையால் குழைத்துச் சாப்பிட்டார், சட்டையில் சொதியை ஊற்றிக்கொண்டார், இன்னும் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். கை கழுவிவிட்டு வந்து நின்றுகொண்டே சொன்னார். அடுத்த வருடம் கல்லூரி தொடங்கும்போது உங்கள் மகனுக்கு என் அணியில் இடம் இருக்கிறது, படிப்பு முழுவதும் எங்கள் பொறுப்பு, கையெழுத்து வைக்க வேண்டிய காகிதம் வசந்தகாலத்தில் வரும், அதுவரைக்கும் இது நான் தரும் வாக்கு. அப்படிச் சொல்லிக் கையை நீட்டினார். அப்பா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், உடனே விடவில்லை. கோச்சை ரியூப் ரயில் ஸ்டேஷன்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னார், "எங்கட வீட்டிலை கை நனைச்ச மனிசன். இனி ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை." நம் ஆட்கள் சம்பந்தம் சரிவரும்வரை அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள், சாப்பிட்டால் முடிந்தது என்று அர்த்தம். இது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அவருக்குப் பசித்தது, சாப்பிட்டார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எங்களுக்கு அது பேசி முடித்த இடம். கோச் அனுப்பிய கல்லூரித் தொப்பியை நீ வெளியே போட வெட்கப்பட்டாய், அப்பா எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். பெட்ரோல் அடிக்க வந்தவர்களுக்கெல்லாம் மகன் அமெரிக்கா போகிறான் என்று சொன்னார். உன்னோடு படித்தவர்கள் இங்கேயுள்ள பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போட்ட நேரத்தில் நீ போடவில்லை. எதற்கும் ஒன்றைப் போட்டு வைப்போமா என்று நீ கேட்டதற்கு, முடிந்த காரியத்தில் சந்தேகப்படுவது அழகில்லை என்று அப்பா சொன்னார். கோச்சும் மாதம் ஒரு தடவையாவது உன்னோடு பேசிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அம்மாவின் சமையலை விசாரித்ததாக நீ வந்து சொல்வாய், நான் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

குளிர்காலத்தில் இன்னொரு கோச் தொலைபேசி எடுத்தார். அவ்வளவு பெயரில்லாத கல்லூரி, ஆனால் பேச்சில் நிதானம் இருந்தது என்று அப்பாவே சொன்னார். உன் விளையாட்டோடு, என்ன படிக்க விருப்பம் என்றும் கேட்டாராம். அப்பா அவ்வளவு மரியாதையாக, மகனுக்கு ஏற்கெனவே ஓர் இடம் முடிந்துவிட்டது, கோபிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார். அதைக் கேள்விப்பட்டு ஆசிரியர் வீட்டுக்கே வந்துவிட்டார். காகிதத்தில் கையெழுத்து விழும்வரை அங்கே எல்லோரும் எல்லோரோடும் பேசுவார்கள், உங்கள் கோச்சும் இப்போது வேறு பிள்ளைகளோடு பேசிக்கொண்டுதான் இருப்பார், அந்தச் சின்னக் கல்லூரியைக் கைவிடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவர் போன பிறகு நீயும் கேட்டாய், யோசித்துச் சொல்கிறோம் என்றாவது சொல்லியிருக்கலாமே என்று. அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் இன்னும் மறக்கவில்லை. "ரெண்டு வீட்டிலை பேச்சு வைச்சிருக்கிறதோ தம்பி? அந்தாள் கேள்விப்பட்டால் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்?" நான் அப்பாவின் பக்கம்தான் நின்றேன். நீ எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனாய்.

வசந்தகாலத்தில் காகிதம் வரவில்லை. கோச்சின் தொலைபேசியும் நின்றுவிட்டது. நீ எடுத்தால் அவர் மைதானத்தில் இருக்கிறார், கூட்டத்தில் இருக்கிறார் என்று வேறு யாரோ பதில் சொன்னார்கள். பிறகு ஒரு பின்னேரம் அவரே இங்கே தொலைபேசி எடுத்தார். நான் குசினி வாசலில் நின்றேன். நீ ஓம் சேர், ஓம் சேர் என்று கேட்டுக்கொண்டிருந்தாய். உன் முகம் மாறுவது தெரிந்தது, ஆனால் குரல் மாறவில்லை. கடைசியில் தாங்க் யூ சேர் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாய். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்கு விளக்கினாய். அவருடைய சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் இடக்கைக்காரன் கிடைத்துவிட்டானாம். இருப்பது ஒரே ஓர் இடமாம். மனவருத்தம்தானாம், ஆனால் கையெழுத்து ஒன்றும் வைக்கவில்லையே, நீயும் வேறு இடங்களில் பேசி வைத்திருக்க வேண்டும், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்றாராம். நீ அழவில்லை. அவருக்கு நன்றி சொன்னாயே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. என் பிள்ளையின் கழுத்தை அறுத்துவிட்டு அவனிடமே நன்றியும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா நம்பவில்லை. நீ பிழையாக விளங்கியிருப்பாய் என்று சொல்லித் தானே தொலைபேசி எடுத்துப் பார்த்தார். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதையெல்லாம் முதலில் என்னிடம் சொல்லிப் பழகிவிட்டுத்தான் எடுப்பார். கோச் ஒரு தடவையும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் தொப்பியில்லாமல் வேலைக்குப் போனார், நானும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தச் சின்னக் கல்லூரிக்கு எடுத்துக் கேளுங்கள் என்று நீ எவ்வளவோ கெஞ்சினாய். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்று அப்பா மறுத்துவிட்டார். ஆசிரியர்தான் பொறுக்க மாட்டாமல் எடுத்துக் கேட்டார், அதற்குள் அவர்களும் வேறு பிள்ளையை எடுத்துவிட்டார்கள். அந்த வருடம் நீ அப்பாவோடு பெட்ரோல் ஸ்டேஷனில் நின்றாய். அடுத்த வருடம் இங்கே ஒரு பொலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கப் போனாய், நன்றாகவும் படித்தாய், நல்ல வேலையும் கிடைத்தது. பந்தை மட்டும் பிறகு நீ கையில் எடுக்கவே இல்லை.

இனி, ஞாயிற்றுக்கிழமை நீ கடைசியாகச் சொன்னதற்கு வருகிறேன். "அண்டைக்கு நீங்கள் ரெண்டு பேரும் வாக்கைக் கட்டிப் பிடிச்சதாலைதான் என்ரை அமெரிக்கா போனது. இப்ப திருப்பி வந்திருக்கு. இந்த முறையும் மறிக்கப் போறியளோ?" இந்தக் கிழமை முழுக்க வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பதில் தேடினேன். நாங்கள் செய்தது மடத்தனமா? இருக்கலாம். உலகம் தெரியாமல் ஒரு வியாபாரியைச் சம்பந்தியாக நினைத்து உட்காரவைத்துப் பரிமாறினோம். அதனால் உனக்கு வந்த நட்டம் பெரியது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாக்கை நம்பியவர்கள் மேல் உனக்கு இவ்வளவு கோபம் இருக்கிறது, வாக்கை உடைத்தவர் மேல் ஏன் இல்லை? அவரை நீ ஒரு நாளும் திட்டி நான் கேட்டதில்லை. உனக்கு அவர் கெட்டிக்காரர், நாங்கள் ஏமாளிகள். அன்றைக்கு ஏமாந்துபோன நாங்கள் இரண்டு பேரும், இப்படி ஒரு வேலையை நாம் யாருக்கும் செய்யக்கூடாது என்று நினைத்துக்கொண்டோம். நீயோ அடுத்த முறை அவருடைய இடத்தில் நிற்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாய். இது எனக்கு இத்தனை வருடமும் தெரியவில்லை. ஒரே வீட்டில் வைத்து வளர்த்தும் தெரியவில்லை.

கோச் எனக்கு யார்? எங்கேயோ இருந்து வந்தார், சாப்பிட்டார், போனார். அவரை நினைத்து அழுதேன், மண்ணள்ளித் தூற்றினேன், பிறகு அரிசி கழுவப் போய்விட்டேன். நீ நான் பெற்ற பிள்ளை. அப்பாவைக் குரோய்டனுக்கு அனுப்பி, அந்த வீட்டுச் சோற்றைத் தின்னவைத்து, தர்ஷினியின் தகப்பனுடைய கையைப் பிடிக்கவைத்துவிட்டு, இப்போது சும்மா கதைத்ததுதானே என்கிறாய். நீ எங்களுக்குத் துரோகம் செய்துவிட்டாய். இதை எப்படி மெதுவாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்தாலும் மெதுவாகச் சொல்ல மாட்டேன்.

தர்ஷினியைப் பற்றி நீ ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் என்ன, நீ வாங்கப் பார்த்து விட்டுவிட்ட காரா? கல்யாணத்துக்குப் பிறகு லண்டனில்தானே இருக்க வேண்டும் என்று, இங்கிலாந்தின் வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மருந்தாளர் வேலை கிடைத்தும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அது உனக்கும் தெரியும், அவளே உன்னிடம் சொன்னதாக அவளுடைய அம்மா சொன்னார். என்னோடு நியூயோர்க் வருவாயா என்று அவளிடம் கேட்டாயா என்றேன். நீ பேச்சை மாற்றினாய். கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பாளோ என்று உனக்குப் பயம்போலிருக்கிறது. அந்தப் பிள்ளை எங்களோடு இருந்து கதைத்தபோது அப்பாவின் ஆங்கிலத்தைத் திருத்தாமல், அவர் வார்த்தை தேடும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். அதைப் பார்த்துத்தான் நான் சரி சொன்னேன்.

ஆனாலும் பிடிக்காதவளைக் கட்டு என்று நான் சொல்ல மாட்டேன். அரை மனதோடு போய்த் தாலி கட்டினால், அவளுக்கு அதைவிடப் பெரிய அநியாயம் வேறில்லை. எங்கள் மானத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெண்ணை உன்னோடு சேர்த்துக் கட்டிவைக்க எனக்கு விருப்பமில்லை. வேண்டாமென்றால் வேண்டாம். நியூயோர்க் போ, நன்றாயிரு, உன் பதினெட்டு வயதில் போகவேண்டிய இடத்துக்கு இப்போதாவது போ. ஆனால் இதை என் வாயால் சொல்விக்கலாம் என்று நினைக்காதே. அந்தக் கோச்சாவது தானே தொலைபேசி எடுத்து, தன் வாயால் உனக்குச் சொன்னார். உனக்கு அந்தத் துணிச்சலும் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வெட்கம்.

நேற்று இந்தக் கடிதத்தைப் பாதி எழுதியிருந்தபோது தர்ஷினியின் அம்மா தொலைபேசி எடுத்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவேண்டுமாம். உனக்கு நண்டு ஒத்துக்கொள்ளுமா, உறைப்பு எவ்வளவு போடலாம் என்று கேட்டார். அந்த நேரம் சொல்லியிருக்கலாம். நான் அவரிடம், "அவன் வருவான். தனியத்தான் வருவான்," என்று சொன்னேன். நீங்கள் இரண்டு பேரும் வரவில்லையா என்று அவர் கேட்டார். இந்த முறை அவன் தனியாக வரட்டும் என்றேன். இளம் பிள்ளைகள் தங்களுக்குள் கதைக்க ஆசைப்படுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டு சிரித்தார். மகனுக்கு நண்டு மிகவும் பிடிக்கும் என்றும் சொன்னேன். அவரைச் சமைக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நேரத்தோடு போ. சாப்பிட உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடு. முதலில் தர்ஷினியிடம் சொல், அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல். பிறகு தாய் தகப்பனிடம் சொல். சொன்ன உடனே எழும்பி ஓடிவராதே. ஏசினால் கேட்டுக்கொண்டிரு, அழுதால் அதையும் பார்த்துக்கொண்டிரு, போ என்று அவர்கள் சொன்ன பிறகு எழும்பு. அங்கிருந்து நேரே இங்கே வந்து அப்பாவுக்கும் நீயே சொல். அதுவரைக்கும் நான் அவரிடம் வாய் திறக்க மாட்டேன், அவர் மண்டபம் பார்த்துக்கொண்டு திரியட்டும். அவர் உன்னை என்ன சொன்னாலும் நான் குறுக்கே வரமாட்டேன். அப்பா கொடுத்த வாக்கை நீ காப்பாற்ற வேண்டாம், மகனே. என் பிள்ளை வருவான் என்று நேற்று நான் சொன்னேனே, அதை மட்டும் பொய்யாக்கிவிடாதே.

அம்மா